ஒரு கவுளி வெற்றிலை



வைகைக் கரையில் கொடிக்கால்கள் சூழ்ந்த ஊர் எங்கள் சோழவந்தான். இவ்வூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வெற்றிலையால் எனக்கு ஒரு பாடமும் கிடைத்தது. மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு அதைக் கற்றுத் தந்தவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி.

ஜகாத் நிதியிலிருந்து ஆதரவற்ற சில குடும்பங்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் பொறுப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். கொடிக்காலில் கூலி வேலை செய்துவந்த அந்த மூதாட்டியும் அவ்வுதவியைப் பெறுவோரில் ஒருவர். முதல் மாதம் பணத்தைப் பெற்றுக்கொண்டவர், முந்தானையில் மறைத்து வைத்திருந்த ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து நீட்டினார். "வீட்டுல அம்மாவுக்குக் குடுங்க ஹஜரத்" என்றார். மறுத்தால் மனம் புண்படுமே என்று வாங்கிக்கொண்டேன். இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் அவ்வாறே நடந்தது.

நான்காம் மாதம் அவர் வரிசையில் நிற்கவில்லை. எல்லாரும் சென்ற பிறகு வாசற்படியருகே தயங்கி நின்றார். அருகே அழைத்தேன்.

"இந்த மாசம் வெத்தலை கிடைக்கல ஹஜரத். அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்துடுறேன். பணம் தருவீங்களா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. தமக்கு உரிமையானதை விலை கொடுத்து வாங்குவதாக அல்லவா அந்தத் தாய் மூன்று மாதங்களாக எண்ணியிருக்கிறார்! நான் எதையும் கேட்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், கொடுக்கும் அதிகாரம் என் கையில் இருந்த வரை, வாங்காமல் இருப்பதும் என் கடமையாக இருந்தது. அக்கடமையில் நான் தவறிவிட்டேன்.

நட்பு வேறு, பொறுப்பு வேறு

அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் வெற்றிலையும் பலகாரமும் கொடுத்துக்கொள்வது அன்பின் அடையாளம். அங்கே இருவரும் சமம். உதவி வழங்குபவரும் உதவி நாடி வருபவரும் அவ்வாறு சமமாக நிற்பதில்லை. ஒருவர் கையில் பட்டியல் இருக்கிறது. மற்றவர் வயிற்றில் பசி இருக்கிறது. அந்த இடைவெளியில் கொடுக்கப்படும் அன்பளிப்பு அன்பினால் வந்ததா, அச்சத்தினால் வந்ததா என்பதைப் பெறுபவரால் அறிய இயலாது.

இதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, கொண்டுவந்த பொருள்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதி பொதுநிதிக்குரியது என்றும், மறு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் கூறினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தம் பெற்றோர் வீட்டில் அவர் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

என்னிடம் வந்த வெற்றிலையும் எனக்காக வந்ததன்று. நான் வகித்த பொறுப்புக்காக வந்தது.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில், அப்பணியில் ஈடுபடுவோரையும் திருக்குர்ஆன் ஒரு வகையினராகச் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். உழைப்பவருக்கு வெளிப்படையான ஊதியம் உண்டு. மறைமுகமான வரவுக்குத்தான் இடமில்லை.

படிப்பாக வளர்ந்த பணி

சமூகப் பணியை ஒரு கல்வியாகக் கற்பிக்கும் நிறுவனம் நம் நாட்டில் 1936ஆம் ஆண்டில் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் ஆதரவில் தோன்றியது. சென்னையில் 1952ஆம் ஆண்டில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார். அமெரிக்காவின் தேசியச் சமூகப் பணியாளர் சங்கம் 1960ஆம் ஆண்டில் தன் உறுப்பினர்களுக்கென ஒழுக்க நெறிகளை வகுத்தது. உதவி நாடி வருபவரின் இரகசியத்தைக் காத்தல், அவரிடம் சொந்த ஆதாயம் தேடாதிருத்தல், அவர் வாழ்வைப் பற்றிய முடிவை அவரிடமே விடுதல் ஆகியவை இப்பணியின் அடிப்படைகளாகக் கற்பிக்கப்படுகின்றன.

மூன்றாவது நெறியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2004ஆம் ஆண்டு சுனாமியின்போது நாகப்பட்டினம் பகுதியில் பழைய துணிகள் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்களின் இரக்கத்தில் குறையில்லை. என்ன தேவை என்று கேட்காமல் கொடுத்ததுதான் குறை.

மதுரையில் நடந்தது

"நல்ல மனம் இருந்தால் போதாதா? விதிமுறை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் மதுரை மாநகரையே உலுக்கிய செய்தியை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இதயம் அறக்கட்டளை என்ற பெயரில் ஆதரவற்றோர் காப்பகம் ஒன்று இயங்கிவந்தது. அங்கே தாயுடன் தங்கியிருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்துவிட்டதாகவும், தத்தனேரியில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் கூறப்பட்டது. அதற்கான ஆவணங்களும் காட்டப்பட்டன. ஐயம் எழுந்து விசாரித்தபோது அது பொய் என்று தெரியவந்தது. அக்குழந்தை வேறொரு தம்பதியிடம் உயிரோடு இருந்தது. மற்றொரு குழந்தையும் அவ்வாறே மீட்கப்பட்டது. பணத்துக்கு விற்கப்பட்டதாக வழக்குப் பதிவாகிப் பலர் கைது செய்யப்பட்டனர். காப்பகம் மூடப்பட்டது.

குற்றத்தைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் சிந்திக்க வேண்டியது வேறு. அடைக்கலம் தந்தவர் கையிலேதான் வீட்டுச் சாவியும் இருந்தது, பதிவேடும் இருந்தது, வெளியுலகுக்குச் செய்தி சொல்லும் வாயும் இருந்தது. அந்தத் தாயின் பக்கம் நின்று கேட்பதற்கு உள்ளே எவரும் இல்லை. ஒருவர் கையிலேயே எல்லாம் குவியும் இடத்தில், நல்லவர் என்ற பெயரே திரையாகிவிடுகிறது. ஒரு கவுளி வெற்றிலையையும் இக்கொடுமையையும் நான் ஒப்பிடவில்லை. ஆயினும் பெரிய வேலிகள் உடைவதற்கு முன் சிறிய வேலிகள் சாய்கின்றன.

இரகசியமும் அமானிதமே

உதவி கேட்டு வருபவர் பணத் தேவையை மட்டுமா சொல்கிறார்? கணவனின் குடிப்பழக்கம், மகளின் தலாக், மகனின் கடன் என்று வீட்டின் மூடிய அறைகளையெல்லாம் நமக்குத் திறந்து காட்டுகிறார். அதைத் தேநீர்க் கடையில் பேசுவது அமானித மோசடியன்றி வேறென்ன?

படம் எடுப்பதும் அத்தகையதே. தையல் இயந்திரம் பெறும் பெண்ணை மேடையில் நிறுத்திப் படமெடுத்து, அதைக் கைப்பேசிகளில் ஊரெங்கும் அனுப்புகிறார்கள். அவளுடைய பிள்ளை மறுநாள் பள்ளிக்குச் செல்ல வேண்டுமே என்று எவரேனும் எண்ணினார்களா? சொல்லிக் காட்டுவதாலும் நோவினை தருவதாலும் தர்மம் பாழாகிவிடும் என்று இறைமறை எச்சரித்திருக்கிறதே! பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் பெயரையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவதாகத் தெரிந்தால், குடும்ப மானம் என்று மூடி வைக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

நம் ஊரில் நாம் செய்யக்கூடியவை

உதவி வழங்க ஒருவர் தனியே செல்ல வேண்டாம், இருவர் செல்லட்டும். பெண்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்குப் பெண் ஒருவரும் உடன் செல்லட்டும். கணக்கேட்டை மற்றொருவர் சரிபார்க்கட்டும். உதவி பெறுபவரிடம் கடன் வாங்குவது, அவரைச் சொந்த வீட்டு வேலைக்கு அழைப்பது, அவர் வீட்டுத் திருமணப் பேச்சில் தலையிடுவது ஆகிய அனைத்தையும் தவிர்த்துக்கொள்வோம். கொடுக்க இயலாததை வாக்களிக்காதிருப்போம். குறை இருந்தால் யாரிடம் சொல்லலாம் என்பதையும் அவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்.

இவ்வளவு வேலி போட்டால் அன்பு வற்றிவிடாதா? வற்றாது. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி அகத்தி மரத்தைப் பற்றித்தான் ஏறுகிறது. அகத்தி நிழலும் தருகிறது, தாங்கியும் நிற்கிறது. கொடியிலிருந்து ஓர் இலையையும் அது கேட்பதில்லை.

அன்று அந்தத் தாயிடம் பணத்தைக் கொடுத்து, "இது உங்க ஹக்குமா. நான் குடுக்குறது இல்ல. இதுக்கு வெத்தலை வேண்டாம்" என்றேன். நடந்ததைக் குழுவினரிடமும் மறைக்காமல் சொன்னேன். அதன் பின்னர் அன்பளிப்பு எதையும் பெறுவதில்லை என்று முடிவு செய்து, அதை எல்லாருக்கும் அறிவித்தோம்.

அவர் என்னை முழுமையாக நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அடுத்த மாதம் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். வெறுங்கையோடு வந்தார். தலைகுனியாமல் வாங்கிச் சென்றார்.