கீறலுக்கு மருந்து உண்டா?
சுழல் எஞ்சினைப் பழுதுபார்க்கும் கதை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? 1964-இல் தொடங்கிய அந்தப் பேட்டையைச் சுற்றி லேத் பட்டறைகள் பல உண்டு. எஞ்சின் வேலை நடக்கும் ஒரு பட்டறையின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் சிலிண்டரை இயந்திரத்தில் பொருத்தி, அதன் உட்சுவரை மெல்லச் சீவிக்கொண்டிருப்பார்கள். "என்ன வேலை இது?" என்று கேட்டால், "ரீபோர் போடுகிறோம்" என்று பதில் வரும்.

ரீபோர் என்பது என்ன? பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் உரசுவதால் சிலிண்டரின் சுவர் நாளடைவில் தேய்கிறது; கீறலும் விழுகிறது. கீறல் வழியாக வாயு நழுவும். எஞ்சினின் வலிமை குறையும், எண்ணெயும் புகையும். அந்தச் சுவரைக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ அகலமாகக் குடைந்துவிட்டால் கீறல் மறைந்துவிடும். துளை பெரிதாகிவிட்டதே, பழைய பிஸ்டன் பொருந்துமா? பொருந்தாது. அதற்காகவே அதே அளவுக்குப் பெரிய பிஸ்டன்கள் கடையில் கிடைக்கின்றன. சிலிண்டர் மறுபடியும் புதிதாகிவிடுகிறது.

இந்த வைத்தியத்தின் இரகசியம் வடிவ கணிதத்தில் இருக்கிறது. வட்டத்தை எல்லாப் பக்கமும் சமமாகச் சீவினால் கிடைப்பது மற்றொரு வட்டமே! சற்றுப் பெரிய வட்டம், அவ்வளவுதான். மொபெட்டின் சிறிய எஞ்சினாகட்டும், 1987-இல் அமைந்த ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் டி-72 டாங்கிக்காகச் செய்யப்பட்ட 12 சிலிண்டர் டீசல் எஞ்சினாகட்டும், உள்ளே இருப்பது வட்டம்தான்.

வட்டமே இல்லாத எஞ்சின் ஒன்று இருந்தால்? அதன் உள்ளே கீறல் விழுந்தால் என்ன செய்வது?

வேர்க்கடலைக் கூட்டில் ஒரு முக்கோணம்

அப்படி ஓர் எஞ்சின் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கல் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். என்.எஸ்.யூ. என்ற நிறுவனத்தில் 1957-இல் அது முதன்முதலாக ஓடியது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அதை மேலும் வளர்த்து, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் வைத்து விற்றது. நம் நாட்டிலும் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகமும் பாதுகாப்பு ஆய்வுக் கூடங்களும் சேர்ந்து 55 குதிரைத்திறன் கொண்ட வாங்கல் எஞ்சினை உருவாக்கின. 2009-இல் கோலாரில் 'நிஷாந்த்' என்னும் ஆளில்லா விமானத்தை அந்த எஞ்சின் பறக்க வைத்தது.

இதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோணம் போன்ற ஒரு சுழலி, ஒரு கூட்டுக்குள் சுற்றுகிறது. கூட்டின் வடிவம் இரண்டு பருப்புள்ள வேர்க்கடலையைப் போன்றது. நடுவில் இடுப்பு சற்று ஒடுங்கியிருக்கும். சுழலி சுற்றும்போது அதற்கும் சுவருக்கும் இடையே உள்ள மூன்று அறைகள் பெரிதாகியும் சிறிதாகியும் மாறுகின்றன. காற்றையும் பெட்ரோலையும் இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியேற்றுவது ஆகிய நான்கு வேலையும் இப்படியே நடந்துவிடுகின்றன. சுழலி ஒருமுறை சுற்றினால் நடுத் தண்டு மூன்று முறை சுற்றும்.

மூன்று அறைகளையும் பிரிப்பவை சுழலியின் மூன்று முனைகளில் உள்ள மெல்லிய பட்டைகள். இவற்றுக்கு முனைச் சீல் என்று பெயர். ஒவ்வொரு சீலும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அடியில் உள்ள வில் அதைச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. மாஸ்டாவின் 13-பி என்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் முனைச் சீல் ஒருமுறை சுற்றிவரும் தூரம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். நடுத் தண்டு நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால் சுழலி 2,000 முறை சுற்றும். அப்படியானால் சீல் சுவரை உரசிச் செல்லும் வேகம் நொடிக்கு சுமார் 23 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல்! சுவரில் ஓரிடத்தில் ஒரு கீறல் இருந்தால், மூன்று சீல்களும் சேர்ந்து நொடிக்கு 100 முறை அதன்மீது ஏறி இறங்கும். சிறு கீறல்தானே என்று விட்டுவிட முடியுமா?

பிசாசின் நகக் கீறல்

இந்த எஞ்சினின் தொடக்க காலத்தில் உட்சுவரில் விசித்திரமான தழும்புகள் தோன்றின. சீப்பால் வாரியது போல வரிவரியான பள்ளங்கள்! மாஸ்டாவின் பொறியாளர்கள் இவற்றைப் பிசாசின் நகக் கீறல் என்றே அழைத்தார்கள்.

காரணம் என்ன? கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாக நிறுத்தித் தள்ளிப் பாருங்கள். 'கிரீச்' என்று சத்தம் வரும். கோடு தொடர்ச்சியாக விழாமல் புள்ளி புள்ளியாக விழும். சாக்பீஸ் பலகையில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக அதிர்கிறது. முனைச் சீலும் அப்படித்தான் அதிர்ந்து சுவரைக் கொத்தியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் இயங்கிய பொறியாளர்கள் சீலின் முனைக்கு அருகே துளைகள் இட்டு, அது இயல்பாக அதிரும் வேகத்தை மாற்றினார்கள். தழும்புகள் மறைந்தன. பிறகு கரியும் அலுமினியமும் கலந்த சீலைச் செய்து 1967-ஆம் ஆண்டுக் காரில் பொருத்தினார்கள். சுவரைத் திருத்துவதைவிட, சுவரைக் கெடுத்ததைத் திருத்தியதே அங்கு வெற்றியைத் தந்தது.

பிரித்துப் பார்க்கும் நாள்

பல ஆண்டுகள் ஓடிய சுழல் எஞ்சினை ஒருநாள் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்னென்ன காயங்கள் இருக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கரி. சீலின் பள்ளத்தில் கரி படிந்து இறுகினால் சீல் சிக்கிக்கொள்ளும். வில் தள்ளினாலும் வெளியே வராது. கரியைக் கரைப்பானில் ஊறவைத்து, மென்மையான கருவியால் பொறுமையாக எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டியால் அவசரமாகக் குடைந்தால் பள்ளத்தின் அளவே மாறிவிடும். சுத்தம் செய்தபின் புதிய சீலைப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அது தடையின்றி வழுக்க வேண்டும்.

அடுத்தது, சுழலியின் முகத்தில் அடிபட்ட சொட்டை. எப்போதோ ஒரு சீல் உடைந்து, அதன் துண்டு வெளியேறும் வழியில் மோதியிருக்கும். சொட்டை, பள்ளங்களுக்கு எட்ட முகத்தின் நடுவில் இருந்தால் கவலையில்லை. துருத்தி நிற்கும் பிசிறை நுண்ணிய அரத்தாலோ எண்ணெய்க் கல்லாலோ தேய்த்து மழுக்கினால் போதும். பள்ளத்தின் உதடு நசுங்கியிருந்தால் கதை வேறு. இறுகிய பள்ளத்தில் புதிய சீலும் சிக்கும், மறுபடியும் உடையும்.

மூன்றாவது, இரு பக்கமும் மூடியிருக்கும் வார்ப்பிரும்புத் தட்டுகள். இவை சமதளமாக இருக்க வேண்டும். நேர்விளிம்பு ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, இடைவெளியில் மெல்லிய ஃபீலர் தகட்டைச் செருகி அளப்பார்கள். 13-பி எஞ்சினுக்கு மாஸ்டா அனுமதித்த கோணல் 0.04 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் தட்டைத் தேய்த்துச் சமப்படுத்தலாம், அல்லது மாற்றலாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கூட்டின் உட்சுவர். அலுமினியக் கூட்டின் உள்ளே எஃகுத் தகடு பதித்து, அதன்மேல் மெல்லிய குரோமியப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். சுவரில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். நகம் தடுக்காமல் வழுக்கினால் அது வெறும் கோடு, அப்படியே விடலாம். நகம் மாட்டினால் அது பள்ளம். குரோமியம் பெயர்ந்து அடி உலோகம் தெரிந்தாலோ, அந்தக் கூடு அப்படியே திரும்ப உதவாது.

ஏன் ரீபோர் போடக்கூடாது?

அம்பத்தூர்ப் பட்டறையில் செய்ததைப் போல இந்தச் சுவரையும் சீவிவிட்டால் என்ன? இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்திருந்தால், சபாஷ்!

குடையும் கருவி ஒரே மையத்தைச் சுற்றி வட்டமாகத்தான் சுழலும். வேர்க்கடலை வடிவத்தில் அது போகாது. அந்த வளைவைத் தீட்டத் தனி இயந்திரம் வேண்டும். அது கிடைத்தாலும் மெல்லிய குரோமியப் பூச்சு போய்விடும். அடியில் உள்ள உலோகம் சீலின் உரசலைத் தாங்காது. சில இடங்களில் பழைய பூச்சை நீக்கிப் புதிதாகப் பூசித் தீட்டுவதும் உண்டு. ஆனால் அது சிறு பழுது அல்ல, கூட்டைப் பாதி புதிதாகச் செய்வதற்குச் சமம்.

ஆக, சமதளத்தைத் தேய்த்தால் சமதளம் கிடைக்கும்; வட்டத்தைச் சீவினால் வட்டம் கிடைக்கும். வேர்க்கடலை வளைவுக்கோ அந்தச் சலுகை இல்லை.

செய்து பாருங்கள்

அந்த வளைவை நீங்களே வரையலாம். கெட்டி அட்டையில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றும் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றும் வெட்டுங்கள். பெரிய வட்டத்தைத் தாளின்மேல் ஒட்டுங்கள். சிறிய வட்டத்தில், மையத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் பென்சில் முனை நுழையும் துளை இடுங்கள். சிறியதைப் பெரியதன் விளிம்பை ஒட்டி, வழுக்காமல் உருட்டிக்கொண்டே போங்கள். துளை வழியே பென்சில் வரையும் கோடு, ஒரு சுற்று முடிந்ததும் இடுப்பு ஒடுங்கிய வேர்க்கடலையாக மூடிக்கொள்ளும்!

பழுதுபார்ப்பது என்றால் கெட்டதை எல்லாம் தேய்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது, எதைத் தூக்கி வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே அதில் பெரும்பகுதி. காரில் தவறு நேர்ந்தால் வண்டி வழியில் நின்றுவிடும். ஒற்றை எஞ்சினில் பறக்கும் ஆளில்லா விமானத்தில் தவறு நேர்ந்தால்? அதனால்தான் நல்ல மெக்கானிக் அரத்தை எடுக்கும் முன் அளவுகோலை எடுக்கிறார். அடுத்த முறை பட்டறை வாசலில் நிற்கும்போது அவருடைய கைகளைக் கவனியுங்கள்.