மூச்சு வாங்குவது நெஞ்சினால் மட்டுமா?

இடம்பெயர்ந்து வந்து கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கூலிவேலை செய்வோருக்கு மூச்சு வாங்கினால், "நெஞ்சில் சளி" என்று சொல்லிவிடுகிறோம். விறகடுப்புப் புகையும் சுருட்டும் நாட்பட்ட நுரையீரல் நோயைத் தருவது மெய்தான். ஆனால் அதே ஆளிடம் இரும்புச்சத்தும் குறைந்திருக்கலாம்.

நுரையீரல் இழுக்கும் பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதை உண்டாக்க இரும்பு வேண்டும். காற்றும் குறைந்து, சுமக்கும் வண்டியும் குறைந்தால் நான்கு படி ஏறுவதே பாடு.

1979இல் வெளியான ஆய்வொன்றில், இரும்புச்சத்துப் பெற்ற இலங்கைத் தோட்டத் தொழிலாளர்கள், வெற்று மருந்து பெற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். இரத்தம் மிகக் குறைந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகம். அவர்கள் நுரையீரல் நோயாளர் அல்லர். அந்நோயாளரிடையே இங்கிலாந்தில் நடந்து 2020இல் வெளியான சிறு ஆய்வில், ஊசிமூலம் இரும்பு பெற்றவர்களின் நடைதூரம் சற்றே கூடியது. பெரிய அற்புதமன்று, ஆயினும் கிணற்றடிக்குத் தாமே போய்வர விரும்புபவருக்கு அது சிறிதுமன்று.

பிராணவாயு நெடுநாள் குறைந்தால் உடல் செவ்வணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால் ஹீமோகுளோபின் சரியாகத் தோன்றினாலும் இரும்புச் சேமிப்பு வெறுமையாயிருக்கலாம். கிளினிக்கில் 'பெரிற்றின்' சோதனை பற்றிக் கேளுங்கள். இரத்தம் எங்கே கசிகிறது, குடலில் கொக்கிப்புழு உண்டா என்பதையும் வைத்தியர் பார்ப்பார். மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. மிகுந்த இரும்பும் தீங்கு. இழுக்கும் மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

தேயிலைதான் இம்மலைக்குச் சோறு போடுகிறது. ஆனால் சோற்றோடு குடித்தால் அதன் துவர்ப்பு உணவிலுள்ள இரும்பைக் கட்டிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையை இறக்கியபின் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள்.