உருக்கில் ஓடும் அலைவரிகள்

பசுவந்தனையைச் சூழ்ந்த கரிசல் நிலத்தை உழக் கொழுவும், களையெடுக்கக் களைக்கொத்தும், கதிரறுக்க அரிவாளும் வடித்துத் தந்தவை ஊர்தோறும் இருந்த உலைக்களங்களே. இதே தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஆதிச்சநல்லூரில், 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகளும் படைக்கலங்களும் மிகுதியாகக் கிடைத்தன. இத்தகைய நெடிய இரும்பு மரபின் உச்சமாக விளங்கியது உருக்கு. அதனால் வடித்த கத்தியின் மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றும். அவ்வரிகள் எவ்வாறு உண்டாயின? அக்கலை ஏன் மறைந்தது?

மூசையில் பிறந்த உருக்கு

நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் உருக்கு உலைகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பிற்காலத்தில் சேலம் பகுதியில் உருக்குச் செய்த முறையை, 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பதிவு செய்துள்ளார். இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மண்மூசையில் இட்டு, அதன் வாயைக் களிமண்ணால் மூடி, துருத்தியால் ஊதி உருக்கினர். கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பில் கலந்தது. இவ்வாறு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை கரி கொண்ட உருக்கு உருவானது. தென்னிந்திய உருக்குக் கட்டிகள் மேற்காசியாவிற்கு ஏற்றுமதியாகி, 'டமாஸ்கஸ்' வாள்களாக உலகப் புகழ் பெற்றன.

வரிகளின் அறிவியல்

உருக்கிலுள்ள கரியின் ஒரு பகுதி இரும்புடன் சேர்ந்து மிகக் கடினமான துகள்களாகிறது. மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்கும்போது அத்துகள்கள் அடுக்கடுக்காக வரிசை கொள்கின்றன. தேய்த்து மெருகிட்ட கத்தியில் மென்மையான அமிலத்தைத் தடவினால், துகள்கள் வெண்மையாக நிற்க, மற்றப் பகுதி கருக்கிறது. அலைவரி புலப்படுகிறது.

வெப்பம் மிகுந்தால் துகள்கள் இரும்பில் கரைந்து வரி அழியும். குறைந்தால் அடி தாங்காமல் உருக்கு வெடிக்கும். வெப்பமானி இல்லாத உலைக்களத்தில் இரும்பின் நிறமே அளவுகோல். ஆகவே, கற்பவர் முதலில் பழக்க வேண்டியது கண்ணையே. செந்நிறம், செம்மஞ்சள், மஞ்சள் என நிறம் மாறும் கணத்தை நிழலில் நின்று அறிந்த பின்னரே சம்மட்டியின் வேகம் பயன் தரும்.

அடுக்கு எஃகு

இக்காலத்தில் வரிக்கத்தி வடிக்கக் கற்போர் பெரும்பாலும் வேறொரு முறையைப் பின்பற்றுகின்றனர். நிக்கல் கலந்த எஃகுத் தகடுகளையும் கலவாத தகடுகளையும் மாறிமாறி அடுக்கி, வெங்காரம் தூவி, மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, அடித்து ஒன்றாக்குகின்றனர். 7 அடுக்குகளை ஐந்து முறை மடித்தால் 224 அடுக்குகள் ஆகும். இங்கு வரியைக் கைகள் அடுக்குகின்றன. மூசை உருக்கில் அது உள்ளிருந்தே எழுகிறது.

மறைவும் மீட்பும்

ஐரோப்பிய ஆலைகளின் மலிவான எஃகு வந்தபின் மூசை உலைகள் அணைந்தன. கண்ணும் கையும் மட்டுமே அறிந்திருந்த நுட்பம் கொல்லர்களோடு மறைந்தது. இரும்புக் கொல்லரின் மகனான மைக்கேல் பாரடே, 1819இல் இந்திய உருக்கை ஆராய்ந்தார். ஆயினும் வரியின் மெய்யான காரணம் அவருக்கு அகப்படவில்லை. அமெரிக்காவில் உலோகவியல் அறிஞர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் இணைந்து உழைத்தபோதே விடை கிடைத்தது. உருக்கில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே துகள்களை வரிசைப்படுத்துகின்றன என 1998இல் அவர்கள் விளக்கினர்.

ஏட்டறிவு தனித்து நின்றபோது எட்டாத உண்மை, கைத்திறனோடு சேர்ந்தபோது வெளிப்பட்டது. நம் ஊர்களில் இன்றும் எரியும் உலைக்களங்கள் சிலவே. அங்குள்ள கருவிகளின் பெயர்களையும் செய்முறைகளையும் கேட்டறிந்து எழுதிவைப்பது இன்றைய தலைமுறையின் கடமையாகும். எழுதப்படாத அறிவு, உலை அணையும்போது தானும் அணைந்துவிடும்.