இரும்பைப் பூட்டிய கைகள்

லாவ் பா சாட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் கடைகளைப் பார்ப்பார்கள். தூண்களைப் பார்ப்பது அரிது. அடுத்த முறை அங்குச் செல்லும்போது அந்த வார்ப்பிரும்புத் தூண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவற்றை உருவாக்கிய ‘வால்டர் மெக்ஃபார்லேன்’ என்னும் நிறுவனத்தின் பெயரும், ‘கிளாஸ்கோ’ என்னும் ஊரின் பெயரும் உங்கள் கண்ணில் படலாம். கிளாஸ்கோ, ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு நகரம். சாத்தே மணக்கும் நம் உணவங்காடிக்கு அந்த ஊர்ப் பெயர் எப்படி வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் இரும்புச் சுரங்கம் இல்லை. பெரிய பாலத்துக்கும் சந்தைக்கும் தேவையான இரும்பு கப்பலில்தான் வந்தது. அக்காலத்தில் கிளாஸ்கோ இரும்பு வேலைக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள ஆலைகளில் முதலில் மரத்தால் ஓர் அச்சு செய்வார்கள். அதை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் அதே வடிவில் பள்ளம் உண்டாகும். உருக்கிய இரும்பை அதில் ஊற்றி ஆறவிட்டால் தூண் தயார். ஒரே அச்சைக் கொண்டு ஒன்றுபோல் நூறு தூண்களையும் வார்க்கலாம். மெக்ஃபார்லேன் நிறுவனம் தன் பொருள்களைப் படங்களுடன் புத்தகமாக அச்சிட்டு உலகெங்கும் அனுப்பியது. வாங்குபவர் தூண், வளைவு, கைப்பிடி என வேண்டியதைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இன்று நாம் மேசையையும் அலமாரியையும் பெட்டியில் வாங்கிவந்து வீட்டில் பூட்டிக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இவர்களை முன்னோடிகள் என்றே சொல்லலாம்.

மேசையைப் பூட்டுவது எளிது. பாலத்தைப் பூட்டுவது யார்?

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 1869ஆம் ஆண்டில் எழுந்த கேவனா பாலத்தின் கதை இதற்கு விடை தருகிறது. அதைச் செய்தது கிளாஸ்கோவின் பி அண்ட் டபிள்யூ மெக்லெல்லன் நிறுவனம். பாலம் தன் எடையைப்போல் நான்கு மடங்கு சுமையைத் தாங்குமா என்று அங்கேயே சோதித்தார்கள். பிறகு அதைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். இங்கு வந்து சேர்ந்த துண்டுகளை ஒன்றிணைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பாலத்தைத் திறப்பதற்கு முன்னர், 120 இந்தியச் சிப்பாய்களை அதன்மேல் அணிவகுத்து நடக்கச் செய்து மறுபடியும் சோதித்தார்களாம். பாலம் அசையாமல் நின்றது.

அந்தக் கைதிகளைப் பற்றி இங்குச் சிறிது சொல்லியாக வேண்டும். அவர்கள் வெறும் மண் சுமந்தவர்கள் அல்லர். கல் உடைத்தல், செங்கல் சுடுதல், தச்சு வேலை, கொல்லு வேலை எனப் பல தொழில்களைக் கற்றுத் தேர்ந்தவர்கள். சிராங்கூன் சாலைப் பகுதியில் அவர்கள் வேலை செய்த செங்கற்சூளைகள் இருந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்களுடைய உழைப்பில் உருவானவை. கேவனா பாலம் அவர்கள் செய்த கடைசிப் பெரிய வேலைகளுள் ஒன்று. 1873ஆம் ஆண்டில் கைதிகளை இங்கு வைத்திருக்கும் முறை முடிவுக்கு வந்தது. பாலத்தில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பலகை இன்றும் இருக்கிறது. பூட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

கைதிகள் விட்டுச்சென்ற அந்த இடத்தைத் தனியார் நிறுவனங்கள் நிரப்பின. அவற்றுள் முக்கியமானது ரைலி, ஹார்கிரீவ்ஸ் நிறுவனம். ரிச்சர்ட் ரைலி, வில்லியம் ஹார்கிரீவ்ஸ் என்னும் இருவரின் பெயரைத் தாங்கிய இந்தப் பொறியியல் நிறுவனத்தின் வரலாறு 1865ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்குகிறது. காலமும் அதற்குக் கைகொடுத்தது. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தேவையில்லாமல் போனது. நம் துறைமுகத்தில் கப்பல்கள் பெருகின. கப்பல் என்றால் கொதிகலன் உண்டு. கொதிகலன் என்றால் பழுதும் உண்டு. உடைந்த பாகத்தை பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் வாரக்கணக்கில் கப்பல் சும்மா நிற்கும். இங்கேயே பட்டறை வைத்து வார்த்துக் கொடுக்க ஒருவர் இருந்தால் எவ்வளவு இலாபம்! வெளிநாட்டு இரும்பைப் பூட்டித் தருவதும், பழுது பார்ப்பதும், சிறிய நீராவிப் படகுகளைக் கட்டுவதும் இந்நிறுவனத்தின் வேலைகளாக வளர்ந்தன.

அதே காலத்தில் தேக்கா வட்டாரத்தில் வேறுவகை ‘இயந்திரம்’ ஓடிக்கொண்டிருந்தது. கோதுமை அரைப்பதற்கும் எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பதற்கும் அங்கு மாடுகளும் எருமைகளும் செக்கைச் சுற்றி வந்தன. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இன்னும் அந்த எருமைகளின் பெயரைத்தான் சுமக்கின்றன. ‘கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமை. நீராவியும் எருமையும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் அருகருகே உழைத்தன என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

லாவ் பா சாட்டின் தூண்கள் வந்து இறங்கியபோது அவற்றை நிறுத்தும் பொறுப்பை ரைலி, ஹார்கிரீவ்ஸ் நிறுவனமே ஏற்றது. எண்கோண வடிவில் அந்தச் சந்தையைத் திட்டமிட்டவர் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி. அவர் பெயரைத்தான் நாம் ஒரு நீர்த்தேக்கத்துக்குச் சூட்டியிருக்கிறோம். சந்தை 1894ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது.

இந்நிறுவனத்துக்குப் போட்டியாக வளர்ந்தது ஹோவர்த் எர்ஸ்கின் நிறுவனம். கேவனா பாலம் உயரம் குறைந்தது. கடல் பொங்கும் நேரத்தில் சரக்குப் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல் காத்துக் கிடந்தன. வண்டிப் போக்குவரத்தும் பெருகிவிட்டது. எனவே 1910ஆம் ஆண்டில் அருகிலேயே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டது. அதன் இரும்பு மேற்கட்டுமானத்தைச் செய்தது ஹோவர்த் எர்ஸ்கின்தான். பழைய பாலத்தை இடித்துவிடாமல் நடப்பவர்களுக்கென விட்டுவைத்தார்கள். மாடு, குதிரை, சுமையோடு சேர்த்து ஏறத்தாழ 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி ஆகியவை அதில் போகக்கூடாது என்னும் அறிவிப்புப் பலகையை நீங்கள் இன்றும் படிக்கலாம்.

போட்டியிட்ட இரு நிறுவனங்களும் 1912ஆம் ஆண்டில் ஒன்றிணைந்தன. ‘யுனைடெட் என்ஜினியர்ஸ்’ என்னும் பெயர் அப்போது பிறந்தது. அதன் பெரிய பட்டறை ரிவர் வேலி சாலைப் பக்கம் இருந்தது. நிறுவியவர்கள் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். உலையின் அனலில் நின்று உழைத்தவர்கள் பெரும்பாலும் ஆசியர்கள்.

துண்டு துண்டாகப் பூட்டிய கட்டடத்துக்கு ஒரு வசதி உண்டு: அதைக் கழற்றவும் முடியும். லாவ் பா சாட் 1973ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, எம்ஆர்டி சுரங்கப்பாதை வேலைக்காக அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் பூட்டினார்கள். செங்கல் கட்டடமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ரிவர் வேலி சாலைப் பட்டறைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1990களில் அந்த இடத்தில் வீடுகளும் அலுவலகங்களும் கடைகளும் கொண்ட பெரிய கட்டடம் எழுந்தது. அதன் பெயர் ‘யூஇ ஸ்குவேர்’. வாசலில் உள்ள அந்த இரண்டு எழுத்துகள் ‘யுனைடெட் என்ஜினியர்ஸ்’ என்பதன் முதலெழுத்துகள்.