மத்தியானம் மட்டும் வரும் ஃபால்ட்

பேனல் கதவைத் திறந்து… – 9

கார்டிங் மெஷினுக்குள் சுற்றும் சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர். நிமிடத்துக்கு 450 சுற்று ஓடினால், அதன் மேல் சுற்றியிருக்கும் பல்கம்பி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை வெட்டியதும் அது நின்றுவிடாது. பல நூறு கிலோ இரும்பு, தன் ஓட்டத்திலேயே சுற்றிச் சுற்றி ஓய்வதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் மூடியைத் திறந்து, சிக்கிய பஞ்சை எடுக்கிறேன் என்று கையை விட்டவர்களின் கதைகள் ராஜபாளையம், சத்திரப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மில் தொழிலாளர் குடும்பங்களில் நிறைய உண்டு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள் பஞ்சோடு வாழ்கிறார்கள். மெஷின்கள் பலமுறை மாறிவிட்டன. சிலிண்டர் மட்டும் அப்படியே சுற்றுகிறது.

சிலிண்டர் நின்றால்தான் மூடி திறக்கும், மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாது: இந்த இரண்டையும் காப்பது சேஃப்டி பிஎல்சி. அதன் முடிவைச் செயலாக்குவது சேஃப்டி அவுட்புட் மாடியூல். மாடியூலின் 24 வோல்ட் ஒரு சின்ன ரிலேக்குப் போகிறது, ரிலே ஒரு கான்டாக்டரை இழுக்கிறது, கான்டாக்டர் மோட்டாரை ஓட்டுகிறது. போன வாரம் எமர்ஜென்சி பட்டனிலிருந்து உள்ளே வரும் இரட்டை வயர்களைப் பார்த்தோம். இந்த வாரம் வெளியே போகும் வயர்.

வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சாலை. கோடை காலம். அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் தம்பி போனில் கூப்பிட்டார்.

“அண்ணே, சேஃப்டி மாடியூல் போயிருச்சுண்ணே. புதுசு வாங்கிப் போட்டோம். அதுவும் அதே ஃபால்ட்டுதான் காட்டுது.”

“நைட்டு ஷிப்டுல வருதா தம்பி?”

“நைட்ல வரவே இல்லண்ணே. மத்தியானம் ரெண்டு, ரெண்டரைக்கு மேலதான். கார்டு நின்னுருது. ரீசெட் அடிச்சா ஓடுது. திரும்ப நின்னுருது.”

புது மாடியூலும் அதே இடத்தில் அதே குற்றத்தைச் சொன்னால், அது பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாடியூல் சும்மா 24 வோல்ட்டை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. ரிலே ஓடிக்கொண்டிருக்கும்போதே, தன்னால் அதை அணைக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்கிறது. ஒரு மில்லி விநாடி அளவுக்கு அவுட்புட்டை வெட்டி, வயரில் வோல்ட்டேஜ் உண்மையிலேயே இறங்கியதா என்று திரும்பப் படித்துப் பார்த்து, உடனே மறுபடி கொடுத்துவிடும். நாம் ஒரு முறை கண் இமைக்கும் நேரத்துக்குள் இப்படி நூறு முறை வெட்டிக் கொடுத்துவிடலாம். ரிலே விழ அதைவிட அதிக நேரம் வேண்டும். அதனால் அதற்கு ஒன்றும் தெரியாது. ரிலே சாக்கெட்டில் இருக்கும் எல்இடி லேசாகச் சிமிட்டினால் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தச் சிமிட்டல் கோளாறு அல்ல.

வெட்டிய பிறகும் வயரில் வோல்ட்டேஜ் இறங்கவில்லை என்றால் மாடியூலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: வேறு எங்கிருந்தோ 24 வோல்ட் வந்து இந்த வயரில் ஒட்டியிருக்கிறது, இனி என்னால் இதை அணைக்க முடியாது. உடனே அந்தச் சேனலை மூடிவிடும். மெஷின் நிற்கும்.

தம்பி மல்டிமீட்டரில் பார்த்திருந்தார். 24 வோல்ட் சுத்தமாகக் காட்டியது. மல்டிமீட்டருக்கு ஒரு மில்லி விநாடிச் சமாச்சாரம் தெரியாது. அது சராசரியைச் சொல்லும். அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். கையடக்கமான ஒன்றைக் கொண்டுபோய் ரிலேயின் ஏ1, ஏ2 முனைகளில் மாட்டினோம். சோதனை வெட்டு விழும் இடத்தில் கோடு செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும். இங்கே அது சாய்வாக, நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கார்டின் ரிலேயில் மாட்டினால் செங்குத்து.

இரண்டு ரிலேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வித்தியாசம் புலப்பட்டது. கோளாறு காட்டிய சாக்கெட்டில் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி செருகியிருந்தது. ஆர்சி சப்ரஸர்: ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும். ஏசி கான்டாக்டர் காயிலுக்குப் போடுவது. பழைய ரிலே கெட்டபோது, ஸ்டோரில் கிடைத்ததை யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிலே காயில் இழுப்பது 10 மில்லி ஆம்பியர். கெப்பாசிட்டர் அரை மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மாடியூல் வெட்டியதும் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னூட்டத்தைக் காயில்தான் உறிஞ்சிக் காலிசெய்ய வேண்டும். 24 வோல்ட்டும் இறங்க 1.2 மில்லி விநாடி ஆகும். மாடியூல் பொறுப்பதோ ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. ‘இறங்கிவிட்டது’ என்று அது ஒத்துக்கொள்ள முழு பூஜ்யம் வரை போக வேண்டியதில்லை என்பதால், நூலிழையில் தப்பித்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. காயில் செம்புக் கம்பி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் செம்பின் தடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். வெயில் ஏற ஏற, மூடிய பேனலுக்குள் சூடு கூடக் கூட, காயில் இழுக்கும் கரண்ட் குறைகிறது. கரண்ட் குறைந்தால் கெப்பாசிட்டர் மெதுவாகக் காலியாகிறது. அந்த நூலிழை மத்தியானம் இரண்டு மணிக்கு அறுந்துபோகிறது. ராத்திரி சூடு தணிந்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. மாடியூலை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

கருப்புப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு, டிசி காயிலுக்கு உரிய டையோடு பெட்டியைச் செருகினோம். டையோடுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஏ1 ப்ளஸ், ஏ2 மைனஸ். மாற்றிப் போட்டால் நேரடி ஷார்ட். மாடியூல் ஓவர்லோடு காட்டும். இன்னொன்று, டையோடு போட்டால் ரிலே விழும் நேரம் சில மடங்கு நீளும். மில்லி விநாடிக் கணக்கில்தான் என்றாலும், நிறுத்தும் நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கும் மெஷின்களில் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு வேறு ஒரு வழியும் உண்டு, பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். சாஃப்ட்வேரில் போய் அந்த ஒரு மில்லி விநாடிப் பொறுமையை மூன்றாகவோ ஐந்தாகவோ கூட்டிவிடுவது. ஃபால்ட் போய்விடும். ஆனால் சேஃப்டி புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றினாலும் அதை முறைப்படி மறுபடி சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு, வயர் ஏன் மெதுவாக இறங்குகிறது என்று தெரியாமலே பொறுமையைக் கூட்டுவதை என்னால் ஏற்க முடியாது. முதலில் காரணம், பிறகு எண்.

இதே மாடியூல்களில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு கோளாறு, காமன் மைனஸ். பேனல் வயரிங் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் கை தானாகச் செய்யும் பழக்கம்: ரிலேக்களின் ஏ2 எல்லாவற்றையும் லூப் போட்டு ஒரே பாராகச் சேர்த்து, பவர் சப்ளையின் மைனஸில் முடித்துவிடுவது. சாதாரண அவுட்புட்டுக்கு அது சரி. சில சேஃப்டி மாடியூல்கள் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் தாமே வெட்டும். ப்ளஸ் பக்க ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலும் மைனஸ் பக்கம் அணைத்துவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அதில் ஒவ்வொரு காயிலின் மைனஸும் தன் சேனலின் முனைக்கே திரும்பி வர வேண்டும். காமனில் கட்டினால் மாடியூல் கிரவுண்டு ஷார்ட் என்று கத்தும். கத்துவது நல்லது; இல்லையென்றால் இரண்டாவது ஸ்விட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்தது ஃபீட்பேக். இந்தப் பஞ்சாலைகளில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

ரிலேயை அணைத்தோம் என்பது வேறு, கான்டாக்டர் உண்மையில் விட்டதா என்பது வேறு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பாயும் கரண்ட்டில் கான்டாக்ட் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஓடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு கான்டாக்டர்களை வரிசையில் போட்டு, இரண்டின் என்சி துணை முனைகளையும் (கான்டாக்டர் விட்டிருக்கும்போது மூடியிருப்பவை) சேஃப்டி பிஎல்சிக்குத் திருப்பி அனுப்புகிறோம். ஃபோர்ஸ் கைடட் ரிலே என்று விற்பதன் விசேஷம் இதுதான்: ஓடும் முனை ஒட்டிக்கொண்டால் என்சி முனை மூடவே மூடாதபடி உள்ளே இயந்திர ரீதியாகப் பிணைத்திருப்பார்கள், குறைந்தது அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். விலை குறைந்த சாதாரண ரிலேயில் இந்தப் பிணைப்பு கிடையாது. அந்த இடத்தில் அதை மாற்றிப் போட்டால் ஃபீட்பேக் வெறும் அலங்காரம்.

1987-இல் ஜெர்மனியின் பில்ஸ் நிறுவனம் பிநோஸ் என்ற எமர்ஜென்சி ஸ்டாப் ரிலேயைக் கொண்டுவந்தபோது, இந்த வேலையெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கியது. நம் பேனல்களில் இன்றைக்கும் பார்க்கும் மஞ்சள் பெட்டிகள் அந்த வம்சம். பிறகு மூளை பிஎல்சிக்குப் போய்விட்டது. கான்டாக்டரும் அதன் துணை முனையும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, பஞ்சுத் தூசிக்கு நடுவில்.

துணை முனையில் ஓடுவது 24 வோல்ட்டும் சில மில்லி ஆம்பியரும் மட்டுமே. பெரிய கரண்ட் என்றால் முனையில் படிந்த மெல்லிய அழுக்கைப் பொசுக்கிவிட்டுப் போகும். இந்தச் சின்னக் கரண்ட்டுக்கு ஓர் இழைப் பஞ்சு போதும், வழி அடைபட. கான்டாக்டர் சரியாக விட்டிருக்கும், என்சி முனையும் மூடியிருக்கும், ஆனால் பிஎல்சிக்குச் சிக்னல் வராது. ரீசெட் ஏற்காது. ஷிப்ட் நிற்கும். மேஸ்திரி தலைமேல் வந்து நிற்பார். அப்போதுதான் ஒன்றரை அடி வயர் எடுத்து ஃபீட்பேக்கை லூப் அடித்துவிடுகிறார்கள். “ஞாயித்துக்கெழமை மெயின்டனன்ஸ்ல எடுத்துருவோம்ணே” என்பார்கள். எடுக்கப்படாமல் பல காலம் கிடக்கும் லூப்களை நான் கழற்றியிருக்கிறேன். அந்த நாட்களில் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஒருவர் மூடியைத் திறந்து கையை விடும் வரை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 111-ஆம் பிரிவில், பாதுகாப்புக்காக வைத்த சாதனத்தில் வேண்டுமென்றே குறுக்கிடக் கூடாது என்று தொழிலாளியைத் தடுத்தது. அந்த லூப் அடிக்கச் சொல்லி நிற்க வைக்கிற அவசரத்தைப் பற்றி நிர்வாகங்கள்தான் யோசிக்க வேண்டும்.

தூசிக்கு என்ன செய்வது? முதலில், பேனலுக்குள் ஏர் அடிப்பதை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் காற்று, மேலே கிடந்த பஞ்சைக் கான்டாக்டரின் இடுக்குக்குள் கொண்டுபோய்த் திணிக்கிறது. வேக்கம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். கதவு ரப்பரையும் கேபிள் நுழையும் ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். துணை முனை மாற்றும்போது, சின்னக் கரண்ட்டுக்கென்றே வரும் தங்க முலாம் பூசிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூட. ஒரு ஷிப்ட் நின்றால் போகும் நூலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஃபால்ட் வந்தால் நான் போகும் வரிசை இது. மாடியூல் எந்தச் சேனலில் என்ன சொல்கிறது என்பதை ரீசெட் அடிப்பதற்கு முன்பே எழுதிக்கொள்வேன். எந்த நேரம், எந்த வெயில் என்பதும் அதில் இருக்கும். பிறகு மெஷினை ஐசொலேட்டரில் பூட்டிவிட்டு ரிலே, காயில், சப்ரஸர், வயர், ஃபீட்பேக் என்று வெளியிலிருந்து உள்ளே வருவேன். சந்தேகம் தீராவிட்டால், நன்றாக ஓடும் பக்கத்துக் கார்டின் ரிலேயைச் சாக்கெட்டோடு கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பேன். இவை எல்லாம் சரி என்றான பிறகுதான் மாடியூலுக்கு ஆர்டர் போடச் சொல்வேன்.

வன்னியம்பட்டி மில்லில் கழற்றிய பழைய மாடியூலை வீணாக்கவில்லை. நல்ல ரிலேயோடு இணைத்து, பேனல் சூடேறும் மத்தியானங்களில் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு ஃபால்ட்டும் வரவில்லை. இப்போது அது ஸ்டோரில் ஸ்பேராக இருக்கிறது.

(தொடரும்)