ஊர் நடுவே விரித்த பாய்



2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் கிழக்குத் திமோர் சென்றபோது, டிலி நகரில் நடந்த திருப்பலிக்கு ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் கூடியதைச் செய்திகளில் பார்த்தோம். நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்! அவர்கள் கடந்துவந்த பாதையையும் நாம் அறிவது நல்லது.

1975-இல் இந்தோனேசியப் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. 1999 ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலை கேட்டார்கள். அதற்குப் பழிவாங்க, இந்தோனேசிய இராணுவத்தின் ஆதரவு பெற்ற உள்ளூர் ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. சுவாய் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்களோடு மூன்று அருள்தந்தையரும் கொல்லப்பட்டனர்.

கொளுத்தியவர்களில் பலர் அயலார் அல்லர். பக்கத்து ஊர்க்காரர்கள், உறவினர்கள். அவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது? 2002 மே 20-இல் விடுதலை பெற்ற நாட்டின் முன் நின்ற கேள்வி இது.

பிணக்கு என்றால் பெரிய பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்து பேசுவது அம்மக்களின் மரபு. வரவேற்பு, உண்மை, ஒப்புரவு ஆணையம் இம்மரபையே கையில் எடுத்தது. வீட்டை எரித்தவர், திருடியவர், அடித்தவர் ஊரார்முன் தாம் செய்ததைச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்பார். பிறகு மன்னிப்பு, பொதுவேலை, இழப்பீடு என முடிவாகும். அம்முடிவு நீதிமன்றத்திலும் பதிவாகும். 1,300-க்கும் மேற்பட்டோர் இப்படி ஊரோடு சேர்ந்தனர். 'போனது போகட்டும்' என்று மூடிமறைப்பது வேறு, இது வேறு. ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

கொலையும் பாலியல் வன்கொடுமையும் அந்தப் பாய்க்கு வரவில்லை. அவை நீதிமன்றத்துக்கு உரியவை. வேதனை அங்கேதான். குற்றம் சாட்டப்பட்ட ஏறக்குறைய 400 பேரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவில் இருந்தார்கள். அந்நாடு அவர்களை ஒப்படைக்கவில்லை. கூரைக்குத் தீ வைத்தவன் ஊர்முன் தலைகுனிந்தான், ஆணையிட்டவர்கள் வரவே இல்லை. கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களுக்கு இதை எப்படி நியாயம் என்று சொல்வோம்?

2006-இல் இராணுவத்துக்குள் எழுந்த பிளவு டிலி தெருக்களில் கலவரமாயிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு ஓடினர். 2008-இல் குடியரசுத் தலைவர் ராமோஸ் ஹோர்தா சுடப்பட்டு உயிர்தப்பினார். அவரே 2012 தேர்தலில் தோற்றபோது முடிவை ஏற்றுப் பதவி விலகினார். 2022-இல் மக்கள் வாக்கால் திரும்பி வந்தார். துப்பாக்கியால் பதவி மாறிய பல நாடுகளை நினைத்தால், இது சிறிய சாதனை அன்று.

இன்று அந்நாட்டில் பெரும்பாலோர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். 1999 அவர்களுக்குப் பெற்றோர் சொன்ன கதை. அவர்கள் கேட்பது வேலை. அரசின் செலவைத் தாங்கிவந்த எண்ணெய் வருவாயோ வற்றி வருகிறது.