வாயிலுக்கு வந்த பூனை



நம் வீட்டு முற்றத்திற்குச் சில நாட்களாக ஒரு பூனை வந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இதற்கு யாருமில்லை, இனி இது நம்முடையது' என்கிறான் தம்பி. அவன் கூற்று மெய்தானா? வினா சிறியதே. ஆயினும் விடையில் பிழை நேருமாயின், வேறொரு வீட்டில் ஒரு குழந்தையோ, தனித்து வாழும் ஒரு முதியவரோ தம் பூனையைக் காணாது வருந்த நேரும். ஆதலின் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

பொருளை அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என நம் அளவை நூலார் வகுத்தனர். அம்மூன்றும் இங்கே நமக்குத் துணை செய்யும்.

முதலாவது காண்டல். கழுத்தில் பட்டை உண்டா? மயிர் தூய்மையாக உள்ளதா? உடல் தேறியிருக்கிறதா? ஒரு காதின் நுனி வெட்டப்பட்டுள்ளதா? தெருப் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்வோர், மீண்டும் அதனைப் பிடித்துத் துன்புறுத்தாதிருக்கக் காது நுனியில் அடையாளம் இடுவதுண்டு. கண்டவற்றை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், முடிவுக்கு விரையாதீர்கள்.

இரண்டாவது கருதல். பிறந்த சில வாரங்களுக்குள் மனிதர் கையில் பழகாத குட்டி, பின்னர் எளிதில் நம்மை அண்டாது. எனவே, வாலை நிமிர்த்தி வந்து காலில் உராயும் பூனை மனிதரோடு பழகி வளர்ந்தது எனக் கருதலாம். ஆனால் இன்றும் அதற்கு உரியவர் உளர் என்று அதனால் துணிதல் ஆகாது; அது கைவிடப்பட்டதாகவும் இருக்கலாம். அவ்வாறே, பட்டை இல்லாமையால் உரியவர் இல்லை என்பதும் பெறப்படாது. மெலிவு நோயாலும் முதுமையாலும் வரும். ஆவலோடு உண்பதும் சான்றன்று. மூன்று வீடுகளில் உண்ணும் பூனையும் உண்டு!

மூன்றாவது உரை. அண்டை வீட்டாரையும், நாள்தோறும் தெருவில் வரும் பால்காரரையும் கேளுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் நன்று. சில பூனைகளின் தோலுக்கடியில் அரிசி மணியளவான நுண்சில்லு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவி விடுக்கும் வானொலி அலையினின்றே ஆற்றல் பெற்று, அது 15 இலக்க எண்ணொன்றைத் தெரிவிக்கும். அவ்வெண் பதிவேட்டில் இருப்பின் உரியவரை அறியலாம்.

இன்னும் எளிய வழி, காகிதப் பட்டை. மெல்லிய காகிதத் துண்டில், 'இப்பூனை உங்களுடையதா?' என எழுதி, இரு விரல் நுழையும் தளர்ச்சியோடு கழுத்தைச் சுற்றி நுனிகளை ஒட்டிவிடுங்கள். நூலோ கயிறோ கூடாது. எங்கேனும் சிக்கினால் காகிதம் கிழியும், கயிறு கழுத்தை இறுக்கும்.

சென்ற ஆண்டு என் இல்லத்திற்கு வந்த பூனைக்கு இவ்வாறே செய்தேன். மறுநாள் மாலை காகிதத்தின் மறுபுறத்தில் விடை வந்தது: 'ஆம். எங்கள் பரணில் இதன் குட்டிகள் மூன்று உள்ளன. இரவில் அடைத்துவிடாதீர்கள்.' அன்றிரவு அதனை அறையில் அடைத்து வைக்கவே என் பேரன் பெட்டியும் துணியும் ஆயத்தம் செய்திருந்தான். அவனுடைய அன்பு உண்மையானது. ஆனால் அந்த அன்பே மூன்று குட்டிகளைப் பட்டினியில் ஆழ்த்தியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பழகாத பூனையை வலிந்து பிடிக்கலாகாது. அது கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநோய் பூனையாலும் பரவும்.

பல நாள் கேட்டும் உரியவர் எவரும் வரவில்லையெனில், தடுப்பூசி போடுவித்து அப்பூனையைத் தாராளமாக வளர்க்கலாம். அப்பொழுது 'இது நம்முடையது' என்று தம்பி சொல்வது வெறும் விருப்பமாக இராது. ஆராய்ந்து கண்ட முடிபாக இருக்கும்.